கடைசிப் பதினாறு பக்கம்

போன வருடம் ஐப்பசி மழையில் அம்மா பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. வயது 71. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, சர்க்கரையும் ஏறி இறங்கி, மொத்தம் 31 நாள் ஆகிவிட்டது. நான் ஒரே பிள்ளை. மனைவி பெங்களூரில், பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. அதனால் 31 ராத்திரியும் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி பெஞ்சில் நான் மட்டும்தான். அந்த நாட்களில் நான் படித்த துப்பறியும் கதைகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மருத்துவமனைக்குப் போகும்போது பிளாஸ்க் எடுத்துக்கொள், போர்வை எடுத்துக்கொள் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். என்ன புத்தகம் எடுத்துப் போக வேண்டும், அதை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் எனக்குப் பணமும் மிச்சமாகியிருக்கும், சில ராத்திரிகளும் மிச்சமாகியிருக்கும்.

நான் பெரிய வாசகன் இல்லை. கல்லூரி நாளில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்ததோடு சரி. மூன்றாம் நாள் ராத்திரி போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது, தூக்கமும் வரவில்லை. மருத்துவரிடம் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனால் நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையையே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கடைசியில் ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லுகிற கதை வேண்டும் போல இருந்தது. மறுநாள் காலை காபி வாங்கப் போன இடத்தில் கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவல் இரண்டை வாங்கிவந்தேன்.

பாக்கெட் நாவல்களை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அத்தனை வருடம் அத்தனை பேரைப் பிடித்துவைத்திருப்பது சாதாரண வேலையா? ஒரு அத்தியாயம் கோயம்புத்தூரில், அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேறொரு ஊரில் என்று இரண்டு தண்டவாளம் ஓடி, கடைசியில் இரண்டும் சேரும். அது எந்த இடத்தில் சேரும் என்று காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாலும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். முதல் ஐந்து நாளில் ஒன்பது நாவல் படித்தேன். அதற்குப் பிறகுதான் அலுத்தது. நான் எடுத்த ஒன்பதில் நான்கில், கடைசி மூன்று பக்கம் வரை கதையிலேயே தலைகாட்டாத ஒரு ஆள்தான் கொலையாளி. பிடிபட்டதும் அவனே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடுகிறான். படிக்கிறவனுக்கு எதிலும் பங்கு இல்லை. இங்கிலாந்தில் 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும் என்பதுதான் முதல் விதி. துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயம் வாசகனுக்கும் காட்டப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. அவரே பாதி விளையாட்டாக எழுதியது, ஆனாலும் எனக்கு இந்த இரண்டு விதியும் உயிர். என்னை ஏமாற்றட்டும், அது பரவாயில்லை. என் கண் முன்னால் வைத்து ஏமாற்ற வேண்டும்.

அப்படித்தான் ஆங்கில நாவல்களுக்குப் போனேன். ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஏழு புத்தகம் 840 ரூபாய்க்கு எடுத்தேன். அதில் ஒன்று புத்தம் புதுசாக, பளபளவென்று இருந்தது. 120 ரூபாய்தான். திருட்டு அச்சு என்று அப்போது தெரியாது. மங்கலான எழுத்து, அடுத்த பக்கம் தெரிகிற தாள், அதை எல்லாம் கவனிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஒரு கிராமத்துப் பெரிய வீடு, சாப்பாட்டு மேஜையிலேயே பெரியவர் இறந்துபோகிறார், வீட்டில் எட்டுப் பேர். மூன்று ராத்திரி அந்த எட்டுப் பேரோடு வாழ்ந்தேன். மூன்றாவது ராத்திரி இரண்டரை மணிக்கு, எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொல்லி துப்பறிபவர் தொண்டையைச் செருமுகிறார். பக்கத்தைப் புரட்டினால் பின்னட்டை.

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கதைப் புத்தகம்தானே என்று இப்போது படிப்பவருக்குத் தோன்றலாம். அன்று சாயங்காலம்தான் மறுபடி ஒரு தடவை தையலைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் கையில் முடிவு தெரியக்கூடியதாக இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போனது. வராந்தாவில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். புத்தகத்துக்காக அழுதேன் என்று சொன்னால் பாதி உண்மை.

அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் பிறகு விளக்கினார். பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடித்து அடுக்குவதை ஃபாரம் என்பார்கள். நம் ஊர்ப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். பைண்டிங்கில் ஒன்று விட்டுப்போனால் ஒரு பக்கம் போகாது, பதினாறு பக்கம் சேர்ந்தாற்போல் போகும். சில நேரம் ஒரே ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்து, அடுத்தது இல்லாமல் இருக்கும். துப்பறியும் கதையில் கடைசி ஃபாரம் இல்லை என்றால் மொத்தப் புத்தகமும் இல்லை. அதனால் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். ஆனால் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் கண் கொலையாளியின் பெயர் மேல்தான் போய் விழும், அதற்கென்றே காத்திருந்த மாதிரி. நான் இப்போது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் எழுத்தை மறைத்து, ஓரத்தில் பக்க எண்ணை மட்டும் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டே வருகிறேன். பக்க எண் நடுவில் தாவுகிறதா, கடைசிப் பக்கத்தின் அடியில் எழுத்துக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடைசி வரி தாளின் விளிம்பு வரை நிறைந்து நின்றால் சந்தேகப்படலாம். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது தலைப்பு. அகதா கிறிஸ்டியின் நாவல்கள் பலவற்றுக்கு இங்கிலாந்தில் ஒரு பெயர், அமெரிக்காவில் வேறு பெயர். 1933இல் வந்த 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' அமெரிக்காவில் 'தர்ட்டீன் அட் டின்னர்'. 1935இல் வந்த 'டெத் இன் தி க்ளவுட்ஸ்' அங்கே 'டெத் இன் தி ஏர்'. பழைய புத்தகக் கடையில் இரண்டு நாட்டுப் பதிப்பும் ஒன்றாகத்தான் கிடக்கும். 'தர்ட்டீன் அட் டின்னர்' என்று ஆசையாக எடுத்துவந்து மூன்றாவது அத்தியாயத்தில்தான் இந்த நடிகையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறைத்தது. போன வாரம் படித்து முடித்த அதே கதை. உள்ளே, பதிப்புரிமைப் பக்கத்தில், முதலில் இன்ன பெயரில் வெளியானது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இவை பணம் போன கதைகள். ஆனால் பணத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு துப்பறியும் நாவலை முதல் தடவை படிப்பது ஒரே ஒரு தடவைதான் முடியும். இரண்டாவது தடவை படிப்பதும் நல்ல அனுபவம்தான், எங்கே எங்கே நம்மை ஏமாற்றினார் என்று ரசிக்கலாம். ஆனால் அந்த முதல் தடவை போனால் போனதுதான், காசு கொடுத்து வாங்க முடியாது. என் கவனக்குறைவால் ஐந்து நல்ல நாவல்களின் முதல் தடவையை இழந்தேன். அதற்குக் காரணம் நான் வரிசை பார்க்காமல் படித்தது. கிறிஸ்டியின் துப்பறிபவர் போய்ரோ வரும் கதைகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை, எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 1936இல் வந்த 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' நாவலில், 1934இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' மர்மத்தை போய்ரோ ஒரே வாக்கியத்தில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். 1937இல் வந்த 'டம்ப் விட்னஸ்' இன்னும் மோசம். முந்தைய நான்கு நாவல்களின் கொலையாளிகள் பெயரை வரிசையாக ஒரே மூச்சில் சொல்கிறார். நான் இந்த இரண்டையும்தான் முதலில் படித்தேன். பெயர்களைப் படித்தபோது யாரோ பழைய ஆட்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகு 1926இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' கையில் கிடைத்து, இருபது பக்கம் போனதும் அந்த நான்கில் ஒரு பெயர் எதிரில் வந்து நின்றது. உலகம் முழுக்க வாசகர்கள் திடுக்கிட்டுப்போன ஒரு முடிவு எனக்கு மட்டும் வெறும் தகவலாகிப் போனது. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே வேறு எதையும் கவனிக்காவிட்டாலும், அந்த இரண்டு புத்தகத்தையும் தள்ளி வையுங்கள். நம் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளில் இந்த ஆபத்தை நான் பார்த்ததில்லை. முதலில் கணேஷ் தனியாக வருவார், வசந்த் பிறகு சேர்ந்துகொண்டவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

போனையும் நம்பக் கூடாது. கதையில் ஒருவர் இன்னொருவருக்கு அத்தை மகனா, சித்தப்பா மகனா என்று குழம்பி அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். பாதி பெயர் அடிக்கும்போதே கீழே வந்து விழுந்த முதல் யோசனை, அவர்தான் கொலையாளியா என்ற கேள்வி. அதன் பிறகு மாத்திரை அட்டையின் வெற்றுப் பக்கத்தில் பெயர்களை எழுதிக் கோடு போட்டு உறவு குறித்துக்கொண்டேன். அதைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் அடையாளத்துக்கும் ஆச்சு. நல்ல பதிப்புகளில் பெரிய பேராசிரியர்கள் முன்னுரை எழுதியிருப்பார்கள், அதைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். எல்லோருக்கும் கதை தெரியும் என்ற நினைப்பில் எழுதியிருப்பார்கள். மனிதர்களும் உண்டு. எதிர் அறையில் மனைவிக்குத் துணையாக இருந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "இதை நான் எழுபத்தெட்டுல படிச்சேன் தம்பி, அந்த டாக்டர்தானே?" என்றார். அவருக்கு அன்று ராத்திரி பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அடுத்த நாளே எல்லாப் புத்தகத்துக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டேன்.

மருத்துவமனையில் எதைப் படிக்கக் கூடாது என்பதும் எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. விஷக் கதைகள் வேண்டாம். கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர், விஷங்களைப் பற்றி அவர் எழுதுவது அவ்வளவு துல்லியமாக இருக்கும். வீட்டில் படித்தால் பிரமாதம். அம்மா தலைமாட்டில் டிரிப்ஸ் பாட்டில் சொட்டிக்கொண்டிருக்கும்போது படித்தால், நர்ஸ் மாற்றிய பாட்டிலின் லேபிளை எழுந்துபோய்ப் படிக்கத் தோன்றுகிறது. ஒரு ராத்திரி இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அந்த நர்ஸ் பெண் பாவம், என் பெண்ணை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், "என்ன சார், ஏதாவது பிரச்சினையா?" என்று பயந்துவிட்டாள். அன்றோடு அந்த வகையை நிறுத்தினேன். ரத்தமும் சதையுமாக விவரிக்கிற தொடர் கொலைக் கதைகளும் எனக்கு அங்கே ஆகவில்லை. அங்கே சரியாகப் பொருந்தியது சிறுகதைகள். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் நாவல் நான்கு, சிறுகதை 56. ஒரு சிறுகதை முக்கால் மணி நேரம், இரண்டு ஊசிக்கு நடுவில் ஒரு குற்றம் தொடங்கி முடிந்துவிடும். அவற்றை எழுதிய கோனன் டாயில் 1930இல் இறந்தவர். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடத்தில் காப்புரிமை முடிந்துவிடும் என்பதால் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இது தெரியாமல் பிழை மலிந்த ஒரு மின்னூலுக்கு 199 ரூபாய் கொடுத்தேன். கிறிஸ்டி 1976இல் இறந்தவர், அவர் புத்தகங்களுக்கு இங்கே 2036 முடியும் வரை காப்புரிமை உண்டு. ஆகவே இலவசம் என்று வருகிற கோப்புகளையும் 120 ரூபாய்ப் பளபளப்பையும் நான் இனித் தொடுவதாக இல்லை.

பார்க்க வந்த உறவினர் ஒருவர், "பெத்தவ படுத்துக் கிடக்கா, பக்கத்துல உக்காந்து கொலைக் கதையா படிக்கிறது? சுந்தர காண்டம் படிக்கக் கூடாதா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை, கூசிப்போனேன். அவர் போன பிறகு அம்மா கண்ணைத் திறக்காமலேயே, "என்ன கதைடா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் வீட்டுப் பரணில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பிறகு பைண்ட் செய்த புத்தகங்கள் இருபதாவது இருந்தன. எல்லாம் அம்மா சேர்த்தவை. பாதிக்கு மேல் துப்பறியும் கதைகள்.

மறுநாளிலிருந்து பகலில் அம்மாவுக்குக் கதை சொன்னேன். ராத்திரி ஆங்கிலத்தில் படித்து முடித்துவிடுவேன், பகலில் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். முதல் கதையிலேயே இரண்டாவது அத்தியாயத்தில் அம்மா கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். "நீதானே சொன்னே, ராத்திரி யாரோ மாடிப்படி இறங்கி வந்தாள்னு. வீட்ல மாடியில இருக்கறது ஒரே பொம்பளை." ஆங்கிலத்தில் அந்த ஆள் ஆணா பெண்ணா என்று சொல்லாமலே ஒரு பக்கம் ஓட்டிவிடலாம். தமிழில் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வந்தான் என்றாலும் மாட்டிக்கொள்வோம், வந்தாள் என்றாலும் மாட்டிக்கொள்வோம். வந்தார் என்றால் ஆண் பெண் தெரியாதுதான், ஆனால் மரியாதைக்குரிய ஆள் என்று தெரிந்துவிடும், வேலைக்காரர்கள் எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து கழன்றுவிடுவார்கள். நம் எழுத்தாளர்கள் ஏன் காலகாலமாக 'இருளில் ஒரு உருவம் நகர்ந்தது' என்று எழுதினார்கள் என்று அன்றுதான் புரிந்தது. தேய்ந்துபோன வரி என்று நானே நினைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் தமிழில் கொலையாளியை ஒளித்துவைக்க இடமே இல்லை. நானும் உருவத்துக்கு மாறினேன்.

ஆனாலும் எனக்கு முடிவு தெரிந்திருந்தால் குரலில் அது தெரிந்துவிடுகிறது என்றார் அம்மா. கொலையாளி பேசும் இடம் வந்தால் மெதுவாகப் படிக்கிறேனாம். அதனால் கடைசி ஃபாரம் இல்லாத அந்தப் புத்தகத்தையே எடுத்தேன். எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த வாரம்தான் இருந்ததிலேயே நல்ல வாரம். அம்மா சமையல்காரியைச் சந்தேகப்பட்டார், நான் வக்கீலை. பிசியோதெரபிக்கு எழுப்பி நிற்க வைக்கும்போது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "அந்தக் கடுதாசியை ஏன் பாதி மட்டும் கிழிச்சான்? அதைக் கேளு முதல்ல" என்றார். வீட்டில் யாருக்காவது கதை படித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டிப் படித்துவிடாதீர்கள்.

மொத்தம் புத்தகத்துக்கு ஆன செலவு 3,140 ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி வீண். ஒரே கதை இரண்டு தடவை, திருட்டு அச்சு, மின்னூல், படிக்கவே முடியாமல் போனவை. 29ஆம் நாள் அந்த நாவலின் சரியான பதிப்பை 399 ரூபாய்க்கு வரவழைத்தேன். அந்த 399இல் ஒரு பைசா வீணில்லை. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் படித்தோம். அம்மா இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார், ஒரு தடவை தண்ணீர் குடிக்க, ஒரு தடவை யோசிக்க. கொலை செய்தது சமையல்காரி இல்லை, வக்கீலும் இல்லை. அண்ணன் மகன். ஆனால் அவனை மாட்டிவிட்டது அந்தப் பாதி கிழிந்த கடிதம்தான்.

இப்போது அம்மா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் நான் ஊருக்குப் போகிறேன். பரணிலிருந்து பழைய பைண்டுகளை இறக்கியாகிவிட்டது. முதலில் எடுத்த தொடரில் பதினேழாவது வாரம் இல்லை. அந்த வாரம் நான் பிறந்தேன், பத்திரிகை வாங்கவில்லை என்கிறார் அம்மா. அது எந்த வருடம் எந்த வாரம் என்று தெரியும் என்பதால், அந்த இதழைப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டு வைத்திருக்கிறேன்.